தோள் தெரியட்டும்

கழுத்துக்குள் ஓடும் நரம்புகள் அனைத்தும் தம்மைக் கண்டால் எழுந்து நின்று வழிவிடும் என்பது, அறுவை மருத்துவர் தாமே பலமுறை அறிவித்த உண்மை. தோளைத் தூக்கும் நரம்பைக் கண்டுபிடிக்க மின்குச்சியால் தொட்டு, தோள் துள்ளுகிறதா என்று பார்க்கும் உதவி மருத்துவருக்கு ‘மின்வாரியம்’ என்று பெயர் வைத்திருந்தார்.

இன்று அவருடைய அங்கியின் வலத்தோள் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. நர்ஸ் இறுக்கிக் கட்டினாள். மறுபடியும் நழுவியது.

அவருடைய அக்காவின் கைப்பையும் இப்படித்தான் நழுவும். அவள் கழுத்துக் கட்டியை எடுத்தவர் அவர்தான். கொழுப்போடு கொழுப்பாகக் கிடந்த அந்த நரம்பும் சேர்ந்து போயிற்று. அதன்பின் சரிந்த வலத்தோளை இடக்கையால் கவ்வித் தூக்கிப் பிடித்தபடியேதான் அக்கா பேசுவாள். “விடுடா தம்பி, ஒரு தோள்தானே.” போன மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கியபோது, கைப்பிடியை எட்ட அந்தக் கை எழவில்லை. அதன்பின் அக்காவும் எழவில்லை.

இப்போது மேசையில் அவள் மகள். அதே பக்கம், அதே கட்டி.

“மாமா, அம்மா மாதிரி ஆயிடாதுல்ல?”

“மாமா யாருன்னு நெனச்ச? தூங்கு.”

விளக்கு வட்டத்துக்குள் தோல் திறந்தது. கருகும் சதையின் நாற்றத்துக்கும் இரத்தம் உறிஞ்சும் குழாயின் சளசளப்புக்கும் அடியில், வலித்தைலத்தின் வாசனை ஒன்று மெல்ல எழுந்து அவர் முகமூடிக்குள் நுழைந்தது. அக்கா தோளுக்குப் பூசும் தைலம்.

“யாரு தைலம் பூசியிருக்கீங்க?”

“யாருமில்ல சார்.”

குனிந்தார். வெள்ளை இழைகள். நான்கைந்து. எல்லாம் ஒரே மாதிரி.

எதுவும் எழுந்து நிற்கவில்லை.

“தோள் மேல இருக்கிற துணிய விலக்குங்க.” தொண்டையைச் செருமினார். “அந்தக் குச்சியக் குடும்மா.”

மின்வாரியம் சிரிக்கவில்லை. கொடுத்தாள்.

ஓர் இழை. அசைவில்லை. அடுத்தது. இல்லை. அதற்கடுத்ததைத் தொட்டதும் தோள் விருட்டென்று எழுந்தது. அப்பாடா. குச்சியை எடுத்தார்.

தோள் இறங்கவில்லை.

“சார், இன்னும் தொட்டுட்டிருக்கீங்களா?”

குச்சி அவர் கையில், காற்றில் நின்றது. மருந்து பூசிய அந்தப் பழுப்புத் தோளில் நான்கு குழிகள் அமுங்கின. விரல் விரலாக. கவ்வியபடி.

அவர் குனிந்து, மிச்சமிருந்த இழையையும் தொட்டுப் பார்த்தார்.

குழிகள் இன்னும் ஆழமாயின.