படகு வண்டியின் இரும்பாணி

1924 ஐப்பசி. சனிக்கிழமை காலை ஆறரை மணி.

மடுல்சீமை மலைத் தோட்டத்தில், துரை பங்களாவுக்கு மேலே, படகுக் கொட்டகைக்கு ஏறும் பாதையில் துரையின் மோட்டார் படகு சரிந்து கிடந்தது. அதை ஏற்றி லொறிக்குப் பின்னால் இழுத்துவந்த இரண்டு சக்கர வண்டிக்கு அடியில் வீரய்யா நசுங்கி இறந்து கிடந்தான். சக்கரத்துக்குக் கொடுக்கும் தடைக்கட்டை அவன் கையிலேயே இருந்தது.

மாட்டுப்பட்டியிலிருந்து ரெங்கம்மா ஓடிவந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அழுகை வரவில்லை.

எட்டு மணிக்குள் அடுத்த இடி விழுந்தது. லொறி டிரைவர் புஹாரி பெரிய கங்காணியிடம் சொன்னான்: "லொறியையும் வண்டியையும் சேக்குற இரும்பாணிய அழகையாதான் உருவினான். என் கண்ணால கண்டேன்."

அழகையா வீரய்யாவின் ஒரே மகன். ஏற்றத்தில் வண்டியோடு நடந்துவந்தவன். பதுளை டவுனுக்கு வேலைக்குப் போவேன் என்று முதல்நாள் மாலை அவன் அப்பனோடு போட்ட சண்டை, தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கக் கேட்டிருந்தது. லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவைச் சோதித்தார்கள். அவன் கம்பளி மடிப்பில் ஆணி கிடைத்தது. கிரீஸ் பூசிப் பளபளவென்று இருந்தது.

பதினொன்று பத்து. பதுளையிலிருந்து இன்ஸ்பெக்டர் ஷுக்ரி வந்து, அழகையாவுக்கு விலங்கு மாட்டினார். வண்டியைச் சுற்றி நடந்தார். ஆணி மாட்டும் துளையில் செம்மண்போல ஏதோ அடைத்திருந்தது.

"படகு கடைசியா எங்க போச்சு?"

"மட்டக்களப்புக்கு, சேர்," என்றான் புஹாரி. "மூணு நாள். தொரை அங்கேயே நிண்டுட்டார். நேத்துப் பின்னேரம் நான் தனியா கொண்டுவந்தேன்."

"வண்டிய உப்புத் தண்ணியில இறக்கினியா?"

"அச்சு முங்க இறக்காம படகு மிதக்குமா, சேர்? மாசா மாசம் இதே வேலைதான். வரும்போது பிபிலைக்கிட்ட ஓடையில நல்ல தண்ணி அள்ளி இருவது வாளி ஊத்தினேன். ஆணியக் கழட்டி, தொடச்சு, கிரீஸ் பூசித்தான் மாட்டினேன். பாருங்களேன், எப்படி மின்னுது!"

"நேத்து மழையா?"

"இல்ல சேர், மழையே இல்ல. வண்டி மழையில நனையவும் இல்ல."

ஷுக்ரி அழகையாவிடம் திரும்பினார். "உருவினியா?"

"இல்லீங்க சாமி. சண்ட போட்டேன், நெசந்தான். அதுக்காக அப்பனக் கொல்லுவனா?" விலங்கு மாட்டிய கைகளைக் கூப்பினான்.

ரெங்கம்மா அவர் காலில் விழுந்தாள். "மண்ணு தள்ள இவன் ஒருத்தன்தான் சாமி. அவரு இன்னும் கழுவாம கெடக்காரு. இவனையும் தூக்குல போட்டுட்டா நான் யாருக்குன்னு இருப்பேன்?"

அவள் உள்ளங்கைகளில் சிவந்த கோடுகள் இருந்தன.

"கையில என்ன காயம்?"

"மாட்டுக் கயிறு அறுத்ததுங்க. நேத்து லொறி வந்து நின்னதும், பங்களாப் பசு அந்தப் படகு வண்டிய விட்டு வரமாட்டேன்னுருச்சு. சட்டத்தையும் சக்கரத்தையும் நக்கிக்கிட்டே நின்னுச்சு. இழுத்துக் கட்டுறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

ஷுக்ரி வண்டிச் சட்டத்தை விரலால் தடவினார். பிறகு, "அந்தப் பசுவ அவுத்துட்டு வாங்க," என்றார்.

பசு வந்தது. பாதையோரப் பச்சைப் புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போய், இரும்புச் சட்டத்தைச் சரக் சரக்கென்று நக்கத் தொடங்கியது.

"இருவது வாளி நல்ல தண்ணி பட்ட இரும்புல இவ்வளவு உப்பு எங்கேருந்து வந்துச்சு, புஹாரி?"

புஹாரி வண்டியை விட்டு ஓரடி பின்வாங்கினான்.

"என்னடா, ஒன் நாக்கையும் மாடு நக்கிருச்சா?" என்றார் கங்காணி.

ஷுக்ரி குனிந்து, பேனாக்கத்தியால் துளையைக் குடைந்தார். செம்மண் அல்ல, துரு. பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே, அரித்து மெலிந்து முறிந்த பாதி ஆணி இறுகிப்போயிருந்தது.

"மாசா மாசம் உப்புல ஊறின ஆணி இதுதான். யாரும் உருவல. தானா முறிஞ்சிருக்கு. கம்பளியில கெடச்சது கடலையே பாக்காதது. உன் லொறிப் பெட்டியில மாத்துக்குன்னு கெடந்த புது ஆணி. எல்லாரும் வீரய்யாகிட்ட ஓடினப்போ, நீ லயத்துக்கு ஓடியிருக்கே. வண்டியக் கழுவினேன்னு நீ சொன்னதாலதான் அந்தப் பளபளப்ப எல்லாரும் நம்பினாங்க."

புஹாரி தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஐப்பசிதானே சேர். மலை ஏறினா எப்படியும் மழை புடிக்கும், அதுவே கழுவிரும்னுதான் ஒவ்வொரு தரமும் விட்டேன். நேத்து வானம் இருண்டுச்சு. பெய்யல்ல."

பன்னிரண்டரை. விலங்கு கை மாறியது.

அழகையா வாளியை எடுத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போனான். நிறையும்வரை நின்றான். தூக்கிவந்து அப்பனின் தலையில் மெல்ல ஊற்றினான். நெற்றியில் ஒட்டியிருந்த துரு நீரோடு வழிந்தது. அப்போதுதான் ரெங்கம்மாவுக்கு அழுகை வந்தது.

மேலே ஏற்றத்தில் பசு இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துக் கட்ட யாரும் போகவில்லை.