அழுகை கேட்டு எழாதவள்

"எனக்கு வேண்டாம் இந்தக் காப்பி! அம்மா கலந்து குடுத்தா குடிக்கறேன். இல்லேன்னா காலேஜ்ல போய்த் தண்ணி குடிச்சுக்கறேன்!"

டம்ளரை டபராவில் ணங்கென்று வைத்துவிட்டு லல்லி சமையலறையை விட்டு வெளியேறினாள். பாதிக் காப்பி தரையில் சிந்தியது. கனகலக்ஷ்மி ஈரத்துணியை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? நேற்று சாயங்காலமே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எழுதினதும் வேறு யாரோ இல்லை, வீட்டுப் பெண்தான்.

மைசூர் சாமராஜபுரத்தில் அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே சமையலாக இருந்தார்கள். மூத்தவர் வெங்கடராமனுக்குச் சமஸ்தானத்து உத்தியோகம்; அவர் மனைவி கனகலக்ஷ்மி என்கிற கனகம். இளையவர் வைத்யநாதன் ரயில்வேயில் இருந்தார். அவர் மனைவி காமாக்ஷி. காமாக்ஷிக்கு ஒரே பெண், லலிதாம்பா. வீட்டில் எல்லாருக்கும் அவள் லல்லி. பி.ஏ. வகுப்பில் மனோதத்துவம் படிக்கிறாள். கனகத்துக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் பம்பாயில், இன்னொருவன் பத்ராவதியில். இரண்டு பேரும் கடிதம் எழுதுவது அப்பாவுக்கு மட்டும்தான். இதுதான் ஊருக்குத் தெரிந்த கணக்கு.

வைத்யநாதனுக்கு அரசிகெரேக்கு மாற்றல் வந்திருந்தது. அங்கே பெண்கள் பி.ஏ. படிக்க வழி ஏது? படிப்பு முடிகிறவரை லல்லி பெரியம்மாவோடு மைசூரிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பேச்சு எழுந்த நாளிலிருந்து கனகத்தின் நடையே மாறிப்போயிற்று. பின்கட்டு அறையை ஒழித்தாள். சுண்ணாம்பு அடிக்க ஆள் வைத்தாள். ஜன்னலுக்குத் திரை தைத்தாள். யாராவது ஏறிட்டுப் பார்த்தால், "கரையான் வந்துடுத்து, அதான்" என்று மழுப்பினாள். லல்லி தன்னோடு, தன் கையால் சாப்பிட்டுக்கொண்டு, தன் வீட்டில்! அதை நினைத்தால் சந்தோஷத்தைவிட முதலில் பயம்தான் வந்தது அவளுக்கு.

பயந்தபடியே ஆயிற்று.

நேற்று மத்தியானம் லல்லி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தாள். மனுஷர்களுடைய சுபாவத்தைக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்கிற பரீட்சையாம். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். காமாக்ஷி முதலில் உட்கார்ந்து, சிரித்துப் பேசி, நல்ல மார்க் வாங்கிக்கொண்டு எழுந்தாள். அடுத்து கனகத்தின் முறை.

"யோசிக்கப்படாது பெரியம்மா. சட்டுனு வாயில வர்றதைச் சொல்லணும். நல்ல பேர் வாங்கறதுக்காக ஏதாவது சொன்னேள்னா எல்லாம் பாழாயிடும். எனக்காக... நிஜத்தைச் சொல்லுங்கோ."

எனக்காக என்று அந்தப் பெண் கேட்டபின் கனகத்துக்குப் பொய் வரவில்லை. அவளிடம் சொல்லிவந்த ஒரு பெரிய பொய் ஏற்கெனவே இருந்தது. அதற்குமேல் ஒன்று சேர்க்க மனம் இடம் கொடுக்கவில்லை.

"தனியா இருக்கப் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"பூ வெச்சுக்க?"

"பிடிக்காது."

"மல்லிகைகூடவா?"

"அதுதான் துளிக்கூடப் பிடிக்காது."

"யாராவது ரொம்பப் பிரியமா வந்து ஒட்டிண்டா?"

"நகர்ந்துடுவேன்."

"பக்கத்து அறையிலே ஒரு குழந்தை அழறது. எழுந்து போவேளா?"

கனகம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "மாட்டேன்."

"விடாம அழறது பெரியம்மா..."

"மாட்டேன்டியம்மா. உட்கார்ந்த இடத்திலேயே இருப்பேன்."

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது லல்லி மார்க்கைக் கூட்டி முடித்தாள். இதை வைத்து யாரையும் இன்னார் என்று முடிவு கட்டக்கூடாது என்று ப்ரொபசர் எச்சரித்திருந்தாராம். அந்த வயசில் எச்சரிக்கை யார் காதில் விழுகிறது! சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தாள். "அன்பு காட்டும் குணம் மிகக் குறைவு. தாய்மை உணர்ச்சி இல்லை. நெருங்கி வருகிறவர்களைத் தூர நிறுத்துகிறவர்..." படிக்கப் படிக்க அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"சின்ன வயசுல முழங்கால்லே ரத்தம் வழிய வழிய உங்ககிட்ட ஓடி வந்தேன், ஞாபகம் இருக்கா? 'அம்மாகிட்ட போ'ன்னேள். தொடக்கூட இல்லை! நான்தான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு இத்தனை நாள் நினைச்சுண்டிருந்தேன். இப்பன்னா தெரியறது..." காமாக்ஷியின் பக்கம் திரும்பினாள். "நான் இங்கே இருக்கமாட்டேம்மா. என்னை ஹாஸ்டல்ல சேர்த்துடு."

வெங்கடராமன் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஆண்களுக்குச் சங்கடம் வந்தால் ஒளிந்துகொள்ள எப்போதும் ஒரு காகிதம் கிடைத்துவிடுகிறது. தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். உண்மை தெரிந்த இன்னொருத்தி காமாக்ஷி. அவள் பேசாமல் இருந்திருந்தாலாவது தேவலை.

"விடுடி... அக்கா சுபாவமே அப்படித்தான்" என்றாள் அவள்.

அந்த வார்த்தைதான் கனகத்தை இரவெல்லாம் அறுத்தது.

இப்போது தரையைத் துடைத்துக்கொண்டே அவள் ஒவ்வொரு பதிலாகத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். எதைப் பொய் என்று சொல்வது? எல்லாமே நிஜம். குழந்தை அழும்போது எழாமல் இருக்கப் பழகினாள். பழகப் பழகக் கால் மரத்துப்போயிற்று. அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் கல்லாக இருந்துவிட்டு மற்றவர்களுக்கு அம்மாவாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி எங்கே முடிகிறது? சொந்தப் பிள்ளைகள் ஜுரத்தில் முனகினபோதுகூட ஒரு நிமிஷம் தயங்கித்தானே எழுந்தாள்? அதனால்தானே பம்பாயிலிருந்து அவளுக்கு ஒரு வரி வருவதில்லை? காகிதம் பொய் சொல்லவில்லை. நடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அவள் நிஜமாகவே அப்படி ஆகிவிட்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதுவும் பயமாக இருந்தது.

வாசலில் பூக்காரி மாதேவியின் குரல் கேட்டது. "அம்மாவ்ரே, மல்லிகே!" வழக்கம்போல் காமாக்ஷி போய் வாங்கிவந்து லல்லியின் பின்னலில் வைத்தாள். வாசனை சமையலறைவரை வந்தது. கனகம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். லல்லி புஸ்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காமாக்ஷி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பெண்ணைக் கனகத்திடம் விட்டுப்போனால் திரும்பக் கிடைப்பாளா என்று பல நாளாக அவள் தூங்கவில்லை. அந்தப் பரீட்சை அவளுக்குத் தெய்வம் அனுப்பினதுபோல் வந்திருந்தது.

"காமு, அவ ஹாஸ்டலுக்கே போகட்டும்" என்றாள் கனகம். "அவ மேல கோபப்படாதே. அவ எழுதினது அத்தனையும் சரி. என்கிட்ட இருந்தா... குழந்தை ஒட்டாது."

காமாக்ஷியின் கையிலிருந்த பாவாடை நழுவியது.

குழந்தை ஒட்டாது! அது மாமியார் சொன்ன வார்த்தை. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் அந்த வார்த்தை இந்த வீட்டில் இருந்துகொண்டே இருந்தது.

"ஏன்க்கா அதைச் சொல்றே... அந்த வார்த்தையை ஏன் சொல்றே?" என்றாள் காமாக்ஷி.

"நிஜத்தைத்தானே சொன்னேன்."

"நிஜமா? எது நிஜம்க்கா?" காமாக்ஷி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நான் பாவி! நேத்து வாயைத் திறந்து அப்படிச் சொன்னேனே! என் நாக்கு அழுகிப்போகணும்!"

"காமு, வேண்டாம்! சத்தியம் பண்ணியிருக்கு!"

"சத்தியம் பண்ணினது நீதானே? நான் பண்ணலியே!"

லல்லி திகைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா... என்னம்மா இது?"

காமாக்ஷி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"எனக்குப் பொறந்தது எதுவும் தங்கலைடி. மூணையும் வாரிக் குடுத்தேன். கடைசியில கிணத்தடியில போய் நின்னேன். அப்போ இவளுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்திலே, இவ பொறந்தாத்துல, ஒரு பொண் குழந்தை பொறந்திருந்தது. உன் பாட்டி இவகிட்டேருந்து வாங்கி என் மடியில போட்டா. நீதான்டி அது!"

காமாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"நஞ்சன்கூட்டுல சுவாமி சந்நிதியில வெச்சு இவகிட்ட சத்தியம் வாங்கினா. 'குழந்தை அழுதா நீ எழுந்து போகப்படாது. நீ தூக்கினா அவகிட்ட ஒட்டாது'ன்னு. நீ பாலுக்கு அழுவே... எனக்குப் பால் இல்லை, பசும்பாலைப் புகட்டுவேன், நீ துப்புவே. அந்தப் பக்கம் இவ ரவிக்கை நனைஞ்சு புடவை நனைஞ்சு உட்கார்ந்திருப்பா. பால் வத்தணும்னு மல்லிப்பூவை அரைச்சு இவ மார்ல வெச்சுக் கட்டினது யார் தெரியுமா? நான்! இந்தக் கையால! அதான்டி இவளுக்கு மல்லிகை ஆகாது. இவளுக்குத் தாய்மை இல்லேன்னு எழுதினியே..."

இத்தனை வருஷமும் வெளியில் யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருந்தது அவ்வளவும் வெளியே வந்து விழுந்துவிட்டது.

இனி லல்லி ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று காமாக்ஷி நினைத்தாள். கனகமோ அதை நினைக்கக்கூடத் துணியவில்லை. ஆனால் லல்லி எழுந்து பின்னால் நகர்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நான் அழுதேன்... நீ கேட்டுண்டு உட்கார்ந்திருந்தியா?" கனகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். "பசியில அழுதேன். நீ பக்கத்து அறையிலே இருந்தே. அப்படித்தானே? அம்மாவுக்கு ஒரு குழந்தை வேணும், உங்களுக்கெல்லாம் ஒரு சத்தியம் வேணும். நான் யாருக்கும் வேண்டாம்!"

"அப்படி இல்லைடி..." என்று ஆரம்பித்த காமாக்ஷியின் கையை உதறிவிட்டு அவள் பின்கட்டு அறைக்குள் ஓடினாள். கனகம் அவளுக்காகவே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த அறை. கதவு அறைந்து சாத்தப்பட்டது. அடுத்த நிமிஷம் அழுகை கேட்டது. சின்னக் குழந்தையைப்போல் விக்கி விக்கி, விடாமல்.

கனகம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். எழ வேண்டும் என்று நினைத்தாள், கால் நகரவில்லை. கைகள் தாமாகவே மடியில் கோத்துக்கொண்டன. வழக்கம்போல் அவள் காமாக்ஷியைப் பார்த்தாள். நீ போ என்று எத்தனை வருஷமாகக் கண்ணாலேயே சொல்லியிருக்கிறாள்!

காமாக்ஷி எழுந்தாள். பழக்கம் அப்படி. அழுகை கேட்டால் அவள் கால் தானாக ஓடும். இரண்டடி வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து கனகத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் அழுகை அவள் உடம்பெல்லாம் இழுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் எழுந்திருக்கமாட்டேன்."

"காமு, குழந்தை அழறதுடி..."

"அழட்டும். நான் எழுந்திருக்கமாட்டேன். நீ போ."

கனகம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தாழ்வாரத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தரம் நின்றாள். கதவு தாழிடாமல்தான் இருந்தது.

லல்லி மூலையில் சுருண்டு கிடந்தாள். கனகம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. அந்த வித்தையை அவள் மறந்தே போயிருந்தாள்.

"ஏன் வரலை?" சுவரைப் பார்த்தபடியே லல்லி கேட்டாள். "சத்தியமாம் சத்தியம்! ஒரே ஒரு தரம்... யாருக்கும் தெரியாம வந்து தூக்கியிருக்கப்படாதா?"

"ஒரு தரம் தூக்கியிருந்தா..." கனகத்தின் குரல் யாருடையதோ போல் வெளிவந்தது. "திருப்பிக் குடுத்திருக்கமாட்டேன்டி கண்ணே."

வாழ்நாளில் முதல்தடவையாக அந்தப் பெண்ணைக் கண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டதும் அவள் கண்கள் பொங்கிவிட்டன. தேங்கித் தேங்கி வற்றிப்போயிற்று என்று நினைத்திருந்த கண்ணீர் நெஞ்செல்லாம் நனைத்தது.

லல்லி மெல்லத் திரும்பினாள். நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, பின்னலிலிருந்த மல்லிகைச் சரத்தை அவிழ்த்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். அப்புறம்தான் கனகத்தின் மடியில் தலையை வைத்தாள்.

"என் கோபம் போகலை" என்றாள்.

"போகவேண்டாம்."

"ஹாஸ்டலுக்குப் போகத்தான் போறேன். எனக்கு யோசிக்கணும்."

"போய்ட்டு வா."

கனகத்தின் கை இப்போது தயங்காமல் அவள் தலைமேல் இருந்தது. லல்லி மறுபடியும் அழத் தொடங்கினாள், முன்னைவிடப் பெரிதாக.

அது கூடம்வரை கேட்டது. அங்கே காமாக்ஷி தனியாக, இரண்டு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.