வேலம்மா நிரை

மண்ணில் அடித்திருந்த மற்றக் குழாய்களில் கிழவன் இருமுகிற மாதிரி விட்டு விட்டு 'டிக்... டிக்' என்ற பெட்டி, வேலம்மா நிரை என்கிற தேயிலை வரிசையில் இறக்கினதும் படபடவென்று அடித்துக்கொண்டது. சிங்காரத்துக்கு அப்போதே பிடிக்கவில்லை. கணக்கு எழுதுகிற கிராணியின் கொழுந்துத் தராசிலிருந்து ரேடியோ வரைக்கும் எந்த மிஷினையும் அவர் நம்பினதில்லை.

மகள் சாரதா கோலாலம்பூரில் பௌதிகத்தில் மேல்படிப்பு படிக்கிறாள். தேயிலை மலையின் ஈரத்தை அளக்கத்தான் பெட்டியோடு வந்திருந்தாள். கணக்கு ஒத்து வந்தால் பட்டம். இல்லையென்றால் திரும்பி வந்து கொழுந்துக்கூடைதான். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள்.

"அப்படி என்னதான் உள்ள போவுது?"

"நியூட்ரான்ப்பா. கண்ணுக்குத் தெரியாத தூசு மாதிரி. பெட்டியிலேர்ந்து கெளம்பி மண்ணுக்குள்ள நாலா பக்கமும் பரவும். தண்ணியில முட்டினா வேகம் செத்து அங்கேயே சுத்தும். அதைத்தான் பெட்டி எண்ணுது. ஈரம் கூடினா சத்தமும் கூடும். எவ்வளவு பரவும்னு கணக்குப் போட்டுட்டேன். எல்லாக் குழாயும் ஒத்துப்போவுது, இதுதான் ஒதைக்குது. கீழ ஊத்து இருக்கா?"

"மழையே காணோம், ரிங்லெட் ஏரியே சேறாக் கெடக்கு. ஊத்தாம்லா ஊத்து."

"பின்ன ஈரம் ஏது? ஈரம்னா எதுவும்தான். மனுஷ ஒடம்பே முக்காவாசி தண்ணிதான்."

சிங்காரம் குழாயைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

மலை சரிந்த வருஷம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வேலம்மா கூடையோடு மண்ணுக்குள்ளே போனாள். தோண்டினார்கள், கிடைக்கவில்லை. துரை அதன் மேலேயே கன்று நடச் சொன்னார். அன்று முதல் பெண்கள் யாரும் அந்த நிரையில் கை வைப்பதில்லை. அவள் பறிக்க வேண்டிய நிரை, அவளுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிளை வெட்டிக் கவ்வாத்து பண்ணவும் ஆள் போவதில்லை. செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மரமாகிவிட்டன. அங்கே என்றால் கொழுந்து நட்டமில்லை என்று கிராணி குழாயை அங்கேயே அடிக்கச் சொன்னான். சிங்காரம் வேண்டாம் என்றார். "மண்ணுக்கு வலிக்குமாப்பா?" என்று மகள் சிரித்தாள்.

இப்போது சிரிப்பில்லை. முதலில் குழாயின் அடியில் படபடத்தது. அடுத்த முறை நடுவில். அதற்கடுத்து ஒரு முழ ஆழத்தில். ஒவ்வொரு முறையும் அதற்குக் கீழே மண் காய்ந்து கிடப்பதாகவே பெட்டி சொன்னது.

"காயிற மண்ணுல ஈரம் எப்படிப்பா மேல ஏறும்? அதுவும் கட்டியா, ஒரே இடமா?"

"குழாயைப் புடுங்கிட்டு வா, போலாம்."

"போனா கூடை தூக்கணும்ப்பா. கடைசியா ஒரு தடவ."

அன்று மத்தியானம் பிரிஞ்சாங் மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி, புதுமண்ணும் பச்சை இலையும் கலந்த வாடையோடு நிரைக்குள் நுழைந்து, தூரத்தில் பேசிக்கொண்டிருந்த பெண்களின் குரலைக்கூட ஈரத்துணி போட்டு மூடின மாதிரி அமுக்கிவிட்டது. சாரதா பெட்டியை இறக்கினாள். அடியில் டிக்... டிக். நடுவில் டிக்... டிக். மேலேயும் அதே.

"அப்பா! ஒத்துப்போச்சு! கணக்கு சரிப்பா!" குழந்தை மாதிரி குதித்தாள்.

நிரைக்கு வெளியே நின்ற சிங்காரம் செடிகளைச் சுற்றிப் பார்த்தார். கீழே ஒன்றுமில்லை. அப்படியென்றால்?

"சாரதா. வெளிய வா."

"இருங்கப்பா, வெளிய இழுத்தா சத்தம் நின்னுடும்."

இழுத்தாள். கம்பியில் அது காற்றில் தொங்கியது.

நிற்கவில்லை. படபடவென்று அடித்தது.

"இதென்ன... பனியில உள்ள ஈரம் இதுக்குப் போதாதே."

பனிக்குள் இன்னொரு சத்தம். டக். நிரையின் கோடியில் ஒரு கொழுந்து ஒடிந்தது. டக். அடுத்த செடி. ரெண்டு இலை ஒரு மொட்டு, நகம் பட்ட மாதிரி சுத்தமாக. ஒடிந்தது எதுவும் கீழே விழவில்லை. டக். டக். செடி செடியாக, மகளை நோக்கி. கை தேர்ந்த வேலைக்காரியின் வேகம்.

"ஓடி வா பிள்ள!"

அவளால் நகர முடியவில்லை. கால் இரண்டும் கணுக்கால் வரை மண்ணுக்குள் இருந்தன. அந்தக் காய்ந்த மண்ணில்.

சிங்காரம் செடிகளை முறித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். கடைசிச் செடியும் பறிபட்டாயிற்று. டக் சத்தம் நின்றது.

சாரதாவின் பின்னல் முதுகிலிருந்து மெல்ல எழுந்து, தலைக்கு மேலே நேராக நின்றது. அதன் நுனியை, அங்கே இல்லாத இரண்டு விரல்கள் நிதானமாகத் தடவி, எங்கே ஒடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தன.