விளக்கெண்ணெய்ப் புகை

எலாதியோவுக்கு அன்று காலை இடுப்பு நிமிரவில்லை. சான் ஹுவான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியும், பிறகு காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்துக் கார்களின் அடியில் படுத்துச் சோதித்தும் கெட்டுப்போன இடுப்பு. மேசையைப் பிடித்து அவர் எழ முயன்றபோது நெரெய்டா உதவி கேட்டு உள்ளே வந்தாள்.

இறந்துபோன கணவன் ரூபேனின் மாஸ்டா காரை அவள் விற்கிறாள். சக்கர வளைவை அகலப்படுத்தி, பெரிய டர்போ மாட்டி, எஞ்சினையும் புதிதாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான் ரூபேன். கார் நிற்பது சிந்தோவின் பட்டறையில். சனிக்கிழமை வாங்க வந்தவன் ஓட்டிப் பார்த்துச் சிரித்தபடி இறங்கினான். எஞ்சினை அணைத்து, சூடு ஆறுவதற்குள் மறுபடி சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பவில்லை. சூட்டில் கிளம்பாத எஞ்சின் தேய்ந்த எஞ்சின், பாதி விலைதான் என்று சொல்லிப் போய்விட்டான். புயல் பிய்த்த கூரைக்குப் பதிலாக அவள் வீட்டின் மேல் இன்னும் நீலத் தார்ப்பாய்தான் கிடக்கிறது. அடுத்த புயல் காலத்துக்குள் காங்கிரீட் போட அந்தக் கார்தான் வழி.

"பாதிக்கு நான் தரமாட்டேன். அது ரூபேன் கட்டின எஞ்சினே இல்ல," என்றாள் நெரெய்டா.

காகுவாஸில் இந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் பலரும் எஞ்சினுக்குள் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் சிறு பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டாங்கியிலேயே கையால் எண்ணெய் கலப்பார்கள். ரூபேன் பம்பைக் கழற்றவில்லை. டாங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றியதுமில்லை. அதற்காக அவனைக் கேலி செய்யாத ஆள் இல்லை என்றாள்.

எலாதியோ சட்டை மாட்டுவதற்குள் அவர் மைத்துனி அவில்டா வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

பட்டறையில் சிந்தோ முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் பண்டிகைக்குப் பட்டறையை அடைத்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தானாம். பட்டறைச் சாவி ரூபேனின் தம்பி ஹோசுவேயிடம் இருந்ததாம்.

"இவன்தான், அத்தான். மூஞ்சியப் பாருங்க," என்று அவில்டா சிந்தோவைக் காட்டிக் கிசுகிசுத்தாள்.

"மூஞ்சிய வச்சுப் புடிக்கிறதா இருந்தா உங்க அக்கா என்னை எப்பவோ புடிச்சுக் குடுத்திருப்பா."

நெரெய்டா கூப்பிட்டு அனுப்ப, ஹோசுவே தன் பந்தயக் காரில், அதே வகை மாஸ்டாவில், வந்து இறங்கினான். அதன் புகைக்கு அவில்டா மூக்கைப் பொத்தினாள். "சின்ன வயசுல பேதிக்குக் குடுப்பாங்களே, அந்த விளக்கெண்ணெய் தீயற மாதிரி இருக்கு."

எலாதியோ ரூபேனின் கார் டாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்து விரலால் தேய்த்தார். பிசுக்கு. முன்மூடியைத் திறந்து, முனகிக்கொண்டே குனிந்தார். மேலே குழாய்களும் டர்போவும் ரூபேனுடையவைதான். அடியில், பம்பு இருக்க வேண்டிய இடத்தை ஒரு சிறு தகடு மூடியிருந்தது. காரைக் கிளப்பச் சொன்னார். ஆறிப்போன எஞ்சின் உடனே பிடித்தது. பின்னாலிருந்து, ஹோசுவேயின் கார் விட்ட அதே விளக்கெண்ணெய்ப் புகை வந்தது.

அணைக்கச் சொல்லிவிட்டு எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எஞ்சினை மாத்தினவன் மேலே எல்லாத்தையும் பழையபடி மாட்டிட்டான். ஏமாத்த அது போதும். ஆனா இந்த எஞ்சினுக்குப் பம்பு இல்ல, வெறும் பெட்ரோல்ல ஓடினா கருகிடும். எவனோ வாங்கிட்டுப் போற வண்டி, கருகினா மாத்தினவனுக்கு என்ன? இருந்தும் மனசு கேக்கல. டாங்கியில எண்ணெய் ஊத்தியிருக்கான்."

"சிந்தோ ஊத்தியிருக்கலாமே," என்றாள் அவில்டா, விடாமல்.

"அவன் அலமாரியில இருக்கிறது புல்லு வெட்டுற மெஷினுக்கு ஊத்துற சாதா எண்ணெய். இது பந்தயக்காரங்க ஊத்துற விளக்கெண்ணெய்க் கலப்பு. இங்க அந்த வாடை வர்ற இன்னொரு வண்டி எது, ஹோசுவே? உன் மூடியத் திறப்பா. பம்பு இருக்கான்னு பாத்துடலாம்."

ஹோசுவே திறக்கவில்லை. தன் எஞ்சின் தேய்ந்துவிட்டது, அண்ணன் எஞ்சினில் சலினாஸில் ஒரு பந்தயம் மட்டும் ஓடிவிட்டுத் திருப்பி மாற்றிவிடலாம் என்றிருந்தேன், அதற்குள் வாங்க ஆள் வந்துவிட்டான் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "அண்ணி..."

"அண்ணின்னு கூப்புடாத. கழட்டு," என்றாள் நெரெய்டா.

சிந்தோ எஞ்சின் தூக்கும் சங்கிலிக் கப்பியை இழுத்து வந்தான். இரண்டு எஞ்சின்களும் இடம் மாறி முடியும்வரை நெரெய்டா பட்டறையை விட்டு நகரவில்லை. ரூபேனின் எஞ்சின் சூட்டிலும் ஒரே திருப்பில் பிடித்தது.

ஆனால் சனிக்கிழமை வந்தவன் அதற்குள் வேறு கார் வாங்கியிருந்தான். முழு விலை கொடுக்க அடுத்த ஆள் வரவில்லை. ஜூன் பிறந்து மழை தொடங்கிவிட்டது. தார்ப்பாய் அப்படியே இருக்கிறது.

ஹோசுவே அண்ணிக்கு ஒரு கூரை கடன்பட்டிருக்கிறான்.