காலி மைதானம்

"எந்தப் பக்கம் வலிக்குது?"

"நடுவுல."

"நேத்து இடது பக்கம்னு சொன்ன. இன்னைக்கு நடுவுலயா? உன் வயித்துவலி என்ன வாடகைக்கா குடியிருக்கு, தினம் ஒரு வீடு மாத்த?"

சிறுமி சிரிக்கவில்லை. பள்ளிச் சீருடையோடு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். அம்மா பெருமூச்சு விட்டு, அவளுடைய ஆசிரியைக்குப் போன் செய்தாள்.

"டீச்சர், இவ இன்னைக்கு வரல. ஆனா நாளைக்கு வகுப்புல பேசுறதுக்கு இவளையே முதல் ஆளா நிறுத்துங்க. எல்லாம் நடிப்பு. தண்ணில தள்ளிவிட்டாத்தான் நீச்சல் வரும்."

சிறுமி முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அதனால் அம்மா அவளையும் வேலைக்குக் கூட்டிப்போனாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அம்மாவின் வேலை. அந்தக் காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்காரும் அம்மாவின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

அன்று ஓட்ட வந்தவர் கறிக்கடைக்காரர். மீசை மட்டுமே அரைக் கிலோ தேறும். கத்தியைப் பிடித்தால் நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கிடுகிடுவென ஆடியது. இத்தனை நாள் காலி மைதானத்தில் ஓட்டியவர், அன்றுதான் சாலைக்கு வந்திருந்தார்.

சிக்னலில் பச்சை விழுந்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"மேடம், முடியல. வயித்தைக் கலக்குது."

பின்னிருக்கையில் சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'மாட்டிக்கிட்டாரு! இப்போ வாடகை வீட்டுக் கதை வரும்.'

"கலக்கத்தாண்ணே செய்யும்" என்றாள் அம்மா. அவ்வளவு மென்மையான குரல். "பயம் வந்தா முதல்ல வயித்துலதான் உக்காரும். மெதுவா வாங்க. பின்னாடி இருக்கறவங்க காத்திருக்கட்டும். என் கால் பிரேக்லயே இருக்கு."

சிறுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு வந்தால் பயம். அவளுக்கு வந்தால் நடிப்பு.

கறிக்கடைக்காரரின் பிடரியில் வியர்வை வழிந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் என்ன செய்வார், பாவம்?

"மாமா" என்று முன்னால் எட்டி மெல்லச் சொன்னாள். "ஷூவுக்குள்ள கால் விரலை மடக்கி மடக்கி விடுங்க. வெளிய யாருக்கும் தெரியாது."

"ரெண்டு காலும் வேலையா இருக்கே பாப்பா!"

"ஐயோ, ஆமால்ல! அப்போ நாக்கை மேல அண்ணத்துல அழுத்துங்க. பயம் போகாது. ஆனா கொஞ்சம் நகர்ந்து இடம் விடும்."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். மீசை விறைத்தது. சாவியைத் திருப்பினார். கார் உறுமியது, நகர்ந்தது, சிக்னலைத் தாண்டியது.

"அட! நகர்ந்துருச்சு!" என்று கத்தினார். கடை வாசலில் இறங்கும்போது கேட்டார்: "இந்த வித்தையெல்லாம் உனக்கு எதுக்கு பாப்பா?"

"வகுப்புல எழுந்து நிக்கறப்போ. ஒருநாள் எனக்குப் பேச்சே வரல. எல்லாரும் சிரிச்சாங்க."

அவர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். கதவை மெல்ல மூடினார்.

அம்மா ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

"எத்தனை நாளா விரலை மடக்கற?"

"பழைய ஷூ போட்டிருந்தப்பவே."

பழைய ஷூ சின்னதாகிப்போய் வருடம் ஒன்றாகிறது. புது ஷூ வாங்கித் தந்ததும் அம்மாதான்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேனேம்மா. வயிறு வலிக்குதுன்னு தினமும் சொன்னேனே."

அம்மாவின் கை சாவியிலேயே இருந்தது. சிறுமி முன்னிருக்கைக்குத் தாவி, அம்மா எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் கால் அந்த பிரேக்கை எட்டவில்லை.

"அம்மா, அந்த மாமாவை நீ எடுத்ததும் ரோட்டுல விடலையே. எனக்கும் முதல்ல காலி மைதானம் வேணும்மா. டீச்சர் மட்டும் கேட்டாப் போதும், வேற யாரும் வேணாம். இப்பவே அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றியா?"