ஒன்பதாவது பூச்சி

நேற்றுச் சாயங்காலம் சுருட்டி வைத்துவிட்டுப் போன பூச்சிகளின் உறிஞ்சுகுழல்கள் இன்று காலையில் நீண்டு கிடந்தன.

லிதூக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் மறுபடி குனிந்தான். பாச்சை உருண்டையின் நெடிக்கும், தகரக்கூரையில் விடாமல் தட்டும் மழையின் புழுக்கத்துக்கும் நடுவே, தக்கையில் ஊசி குத்திய எட்டு அந்துப்பூச்சிகள் சாம்பல் நிற இறக்கைகளை விரித்து வரிசையாக இருந்தன. எல்லாம் செத்துக் காய்ந்து வாரக்கணக்காகிறது. ஆனால் எட்டின் குழலும் மயிரிழையாய் நீண்டு, நுனியில் ஒரு துளி ஈரம். மழைக்காற்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விரலால் தொட்டு வாயில் வைத்தான். உப்புக் கரித்தது.

இந்தப் பூச்சிக்கு உலகத்தில் இன்னும் பெயர் கிடையாது. கிசங்கானி நகரில், கல்லூரியின் பூச்சிக் காப்பறையில், வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்துவிட்டுப் போன பூச்சிகளுக்கு இருபது வருஷமாகத் தூசி தட்டியவன் அவன். இதற்காவது தான் பெயர் வைக்க வேண்டும், செத்துப்போன மகன் லொகூலியின் பெயரை வைக்க வேண்டும் என்று ஆசை. பையனைப் புதைத்த அன்று பொழுது சாயும்போது, மனைவி இஃபாசோவின் கண்ணிமையில் உட்கார்ந்து கண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது முதல் பூச்சி. பெற்றவள் மடியில் பிள்ளையின் சட்டை. இந்த மனுஷன் செய்தது என்ன? பூச்சி கொல்லும் விஷப்புட்டியைத் திறந்து, அவள் கண்மேலேயே கவிழ்த்து அதைப் பிடித்தான்.

பெயர் வைக்கச் சொல்லி ஆராய்ச்சி இதழுக்கு எழுதி அனுப்பிய விவரிப்பு திரும்பி வந்துவிட்டது. பெண் பூச்சி மட்டும் போதாதாம், ஆணும் வேண்டுமாம். ஆணின் உணர்கொம்புகள் இறகுபோலக் கிளை பிரிந்திருக்கும், பார்த்ததும் தெரியும். அதற்காகத்தான் அவன் அந்தப் பாவத்தைச் செய்தான். நாற்பதாம் நாளே துக்கம் கழித்திருக்க வேண்டும். அவனுடைய அண்ணன் வந்து இஃபாசோவின் தலையில் முதல் தண்ணீர் ஊற்ற, அவள் ஆற்றில் குளித்து, துக்கத்துக்கு உடுத்திய கறுப்புத் துணியை எரித்துவிட்டால், அதன்பின் அவள் அழக்கூடாது. அழுகை நின்றால் பூச்சி வராது. அண்ணனுக்கு அவன் சேதியே அனுப்பவில்லை.

மதியம் இஃபாசோவின் தம்பி போலாயா நனைந்தபடி காப்பறை வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், உங்கண்ணன் படகுல வர்றாரா, நீந்தி வர்றாரா?"

"ஆத்துல தண்ணி கம்மியாம். படகு விடலையாம்."

"மழை இந்தக் கொட்டு கொட்டுது, ஆத்துல தண்ணி இல்லையா? யார் காதுல பூ சுத்துறீங்க? அக்கா வாயில ஒண்ணும் வைக்கிறதில்ல. துணிய எரிச்சாத்தான் பொழைப்பா. இல்லேன்னா பையன் போன வழியிலதான் போவா."

"ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்."

"போன வாரமும் இதே ஞாயித்துக்கிழமையத்தான் சொன்னீங்க." போலாயா கதவை அறைந்துவிட்டுப் போனான்.

லிதூக்கா வேலையை விடவில்லை. எட்டாவது பூச்சியின் வயிற்றை நறுக்கிப் பொட்டாஷ் கரைசலில் சூடாக்கினான். சதை கரைந்து ஓடு மட்டும் மிஞ்ச வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தபோது ஓட்டுக்குள் கறுப்பாக ஏதோ சுருண்டிருந்தது. ஊசியால் இழுத்தான். நீளமாக வந்தது. வேரோடு பிடுங்கிய மனுஷக் கண்ணிமை மயிர்.

குடையை மறந்து வீட்டுக்கு ஓடினான். துணியை இன்றைக்கே எரித்துவிடலாம். அண்ணனும் வேண்டாம், ஆணும் வேண்டாம். தினமும் தெருமுனையிலேயே அவள் அழுகை கேட்கும். பூச்சி வரும், அப்பாடா என்றுகூட இருக்கும் அவனுக்கு. இன்று மழைச் சத்தம் மட்டும்தான். இருட்டிக்கொண்டிருந்தது. பின்வாசலில் கறுப்புத் துணியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி அந்துப்பூச்சிகள் படபடத்தன.

"லொகூலியப்பாவா?"

"நான்தான். எழுந்திரு, ஆத்துக்குப் போலாம். துணிய எரிச்சிடலாம்."

"எதுக்கு? நான்தான் அழலியே. காலையிலேருந்து கண்ணுல தண்ணியே இல்ல."

"அப்புறம் ஏன் இதுங்க வருது?"

"தண்ணி போனா என்ன? மத்தது இருக்கில்ல."

வாசலில் எரிந்த லாந்தரைத் தூக்கினான். முகம் தெரியவில்லை. சாம்பல் இறக்கைகள். நெற்றிவரை.

கையால் வழித்தான். பொத்துப்பொத்தென்று மடியில் விழுந்தன. இமைகள் மூடியிருந்தன. ஒரு மயிர்கூட இல்லை. பள்ளமாக இருந்தன.

இடது இமை அசைந்தது.

உள்ளேயிருந்து.

மெல்ல மேலே போனது. முதலில் இரண்டு உணர்கொம்புகள் வெளியே வந்தன. இறகுபோலக் கிளை பிரிந்தவை.

"ஆணா, பாருங்க" என்றாள் இஃபாசோ.

லிதூக்கா கத்த வாயைத் திறந்தான். அவன் கை அதற்குள் சட்டைப்பையில் நுழைந்து, விஷப்புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.