இடது காதில் குடியிருந்தவன்

அன்று மதியம் அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஓய்வுபெற்ற அச்சகக்காரர், அவர் மனைவி, பார்த்துவிட்டுப் போக வந்திருந்த அவருடைய அக்கா. நான்காவது ஆள் கிடையாது. குடும்ப மானம் சம்பந்தப்பட்டது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முப்பது வருடம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதற்கு அது கொடுத்த சன்மானம், ஆறு வருடமாக இடது காதில் ஓயாத ஒரு ரீங்காரம். கூடவே வெளிச் சத்தம் எதுவும் தாங்க முடியாமல் போயிற்று. தட்டில் கரண்டி பட்டால் பல் கூசும்; பக்கத்து அறையில் செய்தித்தாளை மடித்தால் முதுகில் ஊசி இறங்கும். மனைவி தன் தையல் மெஷினை விற்றாள், மரக் கரண்டி வாங்கினாள், நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸை மாட்டினாள்.

"நாற்காலிக்கெல்லாம் சாக்ஸா? அப்படியே ரெண்டு ஜோடி ஷூவும் வாங்கிக் குடுத்துடு" என்றாள் அக்கா.

மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய இன்னொரு சிரிப்பு அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதமாகவே அப்படி. சாப்பிட்டபின் அவர் கண்ணை மூடியதும், ஒரு நாற்காலி ஓசையில்லாமல் பக்கத்தில் நகர்ந்து வரும், சோப்பு வாசனை நெருங்கும், அவள் காது அவர் இடது காதின்மேல் மெல்லப் படியும். ஆசை என்று நினைத்து முதலில் பூரித்துப்போனார். பிறகுதான் அவள் எதற்கோ "ம்" கொட்டுவது புரிந்தது. நேற்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட அவரிடம் அப்படிச் சிரித்ததில்லை.

"என்னடி கேட்குது?"

"உங்களுக்குக் கேட்கலைன்னா விடுங்களேன்."

காது அவருடையது. பேசுகிறவன் எவன்?

முழு நிசப்தம் கூடாது, மின்விசிறியாவது ஓடட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா உள்ளறையில் படுத்ததும் அவர் விசிறியை நிறுத்தினார். ஜன்னலை அடைத்தார். அவனை இன்று கேட்டே தீர்வது என்று கண்ணை மூடினார்.

நாற்காலி நகர்ந்தது. சோப்பு வாசனை. காது படிந்தது. ரீங்காரம் மண்டையைப் பிளப்பதுபோல் ஏறி, மெலிந்து, நின்றது.

ஆறு வருடத்தில் முதல் அமைதி. அழுகை வந்தது. கண் திறந்தார்.

அவள் தன் காதைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறவளைப் போல.

"கையை எடு."

எடுக்கவில்லை. பிடித்து விலக்கினார். தன் காதை அவள் காதோடு அழுத்தினார்.

ரீங்காரம். அவருடைய ரீங்காரம். அதன் அடியில் ஓர் ஆண் குரல். பிரியமாக.

"மூச்சு விடாதே. அவர் கேட்டுட்டிருக்கார்."

அவள் மூச்சு நின்றது.

தெருவில் பேசிக்கொள்வதுபோல அவள் எவனோடும் ஓடிப்போகவில்லை. வாசலைக்கூடத் தாண்டவில்லை. எழுந்து வந்து பார்த்த அக்கா, மானத்துக்கு அஞ்சி வெளியே பூட்டிவிட்டுப் போன அந்த வீட்டுக்குள், சாக்ஸ் போட்ட நாற்காலியில், புருஷனின் காது தன் காதோடு ஒட்டியிருக்க, அதே வெட்கச் சிரிப்போடு, இன்னும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.